நிறையும் நெடுமையும்: சிறுவர் உடற்பருமனை அளந்த வரலாறு

கொழும்பிலிருந்து அற்றனுக்குச் செல்லும் பெருவீதியிலே அவிசாவளை, கரவனெல்ல, யட்டியாந்தோட்டை என்னும் ஊர்களைக் கடந்து செல்வோர், களனி கங்கை மலையிடுக்கை விட்டுச் சமநிலம் நோக்கி இறங்கும் இடத்திற் கித்துல்கல என்னும் சிற்றூரைக் காண்பர். கித்துள் மரமும் கல்லும் சேர்ந்தமைந்த பெயர் அது. 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலப் போர்த் திரைப்படம் ஒன்றுக்காக இவ்விடத்து ஆற்றின் குறுக்கே பாலங்கட்டித் தகர்த்தனர் என்பதே வெளியூரார் இவ்வூரைப் பற்றி அறிந்திருக்கும் செய்தி. ஆயின் மனித உடலை அளந்த வரலாற்றை ஆராய்வோர்க்கு இவ்வூர் வேறொரு காரணத்தால் முதன்மையுடையது.

ஊருக்கு அண்மையிற் பெலிலென என்னும் கற்குகை உளது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சிரான் தெரணியகல அக்குகையை அகழ்ந்தபோது, பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய மாந்தர் எலும்புகள் கிடைத்தன. பலாங்கொடை மனிதன் எனத் தொல்பொருளியலார் வழங்கும் இனத்தாரின் எலும்புகள் இவை. இக்குகையிலும் பிற குகைகளிலும் கிடைத்த நீண்ட எலும்புகளைக் கொண்டு அவ்வினத்து ஆடவரின் உயரம் ஏறத்தாழ 174 சென்ரிமீற்றர், பெண்டிரின் உயரம் ஏறத்தாழ 166 சென்ரிமீற்றர் என மதிப்பிட்டனர். காட்டிற் கிழங்கும் கொட்டையும் நத்தையும் விலங்கூனும் உண்டு வாழ்ந்த அம்மக்கள், அதே மலைச்சரிவில் இன்று வாழும் தோட்டத் தொழிலாளர் பலரினும் நெடியர் என்பது எண்ணத்தக்கது. எலும்பு உயரத்தை உரைக்கும். ஆனாற் கொழுப்பு மண்ணில் எச்சமின்றி மறையும். அக்குகையில் விளையாடிய சிறுவர் மெலிந்தவரோ பருத்தவரோ என்பதை எக்கருவியும் இனி அறிவிக்கமாட்டாது. உயிரோடிருக்கும் பிள்ளையிடத்தும் இவ்விடர்ப்பாடு முற்றாக நீங்கியதில்லை. உயரம் கோலுக்குப் புலப்படும். நிறை தராசுக்குப் புலப்படும். கொழுப்போ இரண்டுக்கும் நேரே புலப்படுவதன்று. இருநூறு ஆண்டுகளாக அறிஞர் செய்ததெல்லாம், புலப்படும் இரண்டைக்கொண்டு புலப்படாத ஒன்றை உய்த்துணர முயன்றதேயாம்.

கீழைநாட்டு மருத்துவர் இப்பொருளை அறியாதவரல்லர். சரக சங்கிதையின் சூத்திரத்தானத்து 21ஆம் அத்தியாயம், பழிக்கப்படும் எண்வகை உடல்களை வகுத்துக் கூறுமிடத்து, மிகப் பருத்த உடலையும் மிக மெலிந்த உடலையும் ஒருங்கே வைத்துப் பேசுகின்றது. இரண்டனுள் மெலிந்ததே குறைந்த தீங்குடையது என்றும் கருதுகின்றது. அந்நூலார் கையாண்ட அளவுகோல் அவரவர் கைவிரலே. பிறனொருவன் விரலால் ஒருவன் உடலை அளத்தல் அவர் முறையன்று. நம்மவர் 'எண்சாண் உடம்பு' என வழங்குவதும் இக்கருத்துப்பற்றியே. சாணுக்குப் பன்னிரண்டு விரலாக எட்டுச் சாண் தொண்ணூற்றாறு விரலாகும். சரகரோ எண்பத்துநான்கு விரல் என்பர். கணக்கு வேறுபடினும் முறை ஒன்றே. நெடியவனுக்கும் குறளனுக்கும் அவனவன் கையே கோலாயிற்று. வேற்று நாட்டுப் பிள்ளைகளின் அளவைக் கோலாகக் கொண்டு இந்நாட்டுப் பிள்ளைகளை அளக்கும் வழக்கம் மிகப் பிற்காலத்தது.

அவ்வழக்கத்தின் தொடக்கத்தை ஐரோப்பாவிற் காணலாம். பிரான்சு தேசத்து மொன்பெயார் என்னும் பிரபு, 1759ஆம் ஆண்டிற் பிறந்த தம் மகனை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கொருமுறை நிறுத்திவைத்து உயரங்குறித்து, 1777ஆம் ஆண்டுவரை அப்பணியைத் தொடர்ந்தார். அவருடைய நண்பரான புபோன் அதனைத் தம் இயற்கை வரலாற்று நூலின் பிற்சேர்க்கையில் வெளியிட்டார். ஒரு தந்தை தன் மகனை அன்போடு அளந்த இவ்வேடு, பிள்ளை வளர்ச்சி பற்றிய நூல்களில் இன்றும் முதலில் எடுத்துக்காட்டப்படுகின்றது. அதில் ஒப்பீடு இல்லை. மகன் தன் முந்திய அளவோடு மட்டுமே ஒப்பிடப்பட்டான்.

பலரை அளந்து சராசரி காணும் முறையை நிலைநாட்டியவர் பெல்ஜியத்து வானியலாளரான அடொல்ப் கெற்றலே (1796–1874). விண்மீன்களின் இடத்தைக் குறிக்குமிடத்து நேரும் பிழைகளை நீக்கக் கணிதவியலார் கண்ட வழியை அவர் மனித உடலுக்குப் பொருத்தினார். 1835ஆம் ஆண்டில் வெளிவந்த மனிதன் பற்றிய அவருடைய பெருநூலிலே, வளர்ந்து முற்றிய மாந்தரின் நிறை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மிகும் என்னும் முடிபு காணப்படுகின்றது. கிலோகிராமிற் குறித்த நிறையை மீற்றரிற் குறித்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண்ணை இன்று உடற்றிணிவுச் சுட்டி என்பர். இச்சுட்டியை எடுத்தாள்வோர் பலர் கெற்றலே சொன்ன மற்றொன்றை நினைப்பதில்லை. வளரும் பருவத்தில் இவ்விதி பொருந்தாது எனவும், அப்பருவத்தில் நிறையின் வர்க்கம் உயரத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்ப அமையும் எனவும் அவரே எழுதியுள்ளார். அஃதாவது, பிள்ளைகளிடத்து உயரத்தின் அடுக்கு இரண்டன்று, இரண்டரை. விதியை வகுத்தவரே பிள்ளைகளை விலக்கி வைத்திருக்க, பின்வந்தோர் அதனைப் பிள்ளைகள் மேலேயே ஏற்றினர். மேலும், பருத்தவரைக் கண்டுபிடிக்கும் நோக்கம் கெற்றலேக்கு எட்டுணையும் இருந்ததில்லை. சராசரி மனிதனைக் காண்பதே அவர் வேட்கை.

அவருக்குப் பின் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஹென்றி பௌடிச் என்னும் உடலியற் பேராசிரியர் 1870களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பாடசாலைப் பிள்ளைகளின் அளவுகளைத் திரட்டினார். இங்கிலாந்தில் பிரான்சிஸ் கோல்ற்றன் சதமணை முறையை வகுக்க, பௌடிச் 1891இல் அதனைத் தம் பிள்ளைகளின் கணக்குக்குப் பொருத்தினார். நூறு பிள்ளைகளை நிரலாக நிறுத்தினால் இப்பிள்ளை எத்தனையாவது இடத்தில் நிற்கும் என்பதே சதமணை. இக்காலத்து அறிஞர் தேடியதெல்லாம் மெலிந்த பிள்ளையையே. 1920களில் அமெரிக்கப் பாடசாலைகளிற் பரவிய போல்ட்வின்–வூட் அட்டவணைகளும் நிறை குறைந்தோரைக் கண்டுபிடிப்பதற்கே பயன்பட்டன. பருமனைக் குற்றமாகக் கண்டவர் மருத்துவரிலும் முந்தி ஆயுட் காப்புறுதிக் கம்பனியாரே. பருத்தோர் விரைவில் இறப்பதால் தமக்கு நட்டம் நேர்கின்றது என அவர் கணக்கிட்டு 1940களில் நிறை அட்டவணைகளை வெளியிட்டனர். கொழுப்பின் தீமையை உலகுக்குக் கணக்கெழுதிக் காட்டியவர் வணிகர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இனிச் சப்பிரகமுவத் தோட்டங்களுக்கு வருவோம். 1869ஆம் ஆண்டிற் கோப்பியிலையைப் பற்றிய நோய் அப்பயிரை அழித்தபின் தேயிலையும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பரும் களனிப் பள்ளத்தாக்கின் சரிவுகளை மூடின. அவற்றில் உழைக்கச் சென்னை மாகாணத்து மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் வழியாகத் தமிழ்க் குடிகள் கொண்டுவரப்பட்டன. தோட்டத்திலே தராசு முதலில் வந்தது பிள்ளையை நிறுக்க அன்று, கொழுந்தை நிறுக்கவே. கூடையின் நிறையும் நீரின் நிறையும் கழித்துக் கொழுந்தின் நிறை குறிக்கப்பட்டது. குறித்த இறாத்தல் எட்டினாற் 'பேர்', எட்டாவிடின் 'அரைப்பேர்' எனச் செக்ரோலில் எழுதப்பட்டது. இவ்வாறு நாடோறும் தாயின் உழைப்பு மலையில் நிறுக்கப்பட, அவள் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் சென்ற குழந்தையை நிறுத்துப் பார்ப்பார் நெடுங்காலம் எவரும் இலர். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டம் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் சிறுவர்க்கும் தனித்தனிக் கூலி வகுத்தது. சிறுவரின் உடல் அரசாங்கப் பதிவேட்டிற் கூலிக்குரிய உடலாக இடம்பெற்றது; வளர்ச்சிக்குரிய உடலாக இடம்பெறப் பின்னும் பல ஆண்டுகள் சென்றன.

அக்காலத்திலேயே தென்னாட்டிற் குன்னூரில் றொபேட் மக்காரிசன் நடத்திய ஆய்வு தோட்டத் தமிழருக்கு நெருங்கிய தொடர்புடையது. இந்திய மாகாணங்களின் உணவுகளை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே ஊட்டி அவர் நிறுத்துப் பார்த்தபோது, கோதுமையும் பாலும் காய்கறியும் சேர்ந்த சீக்கியர் உணவுண்ட எலிகள் மிகுந்த நிறையும், தீட்டிய அரிசியை முதலாகக் கொண்ட சென்னையார் உணவுண்டவை மிகக் குறைந்த நிறையும் பெற்றன. அவருக்குப் பின் வந்த அய்க்ரொயிட் 1930களில் தென்னிந்தியப் பாடசாலைப் பிள்ளைகளின் போசணை நிலையை ஆராய்ந்தார். இலங்கையிலே கொழும்பு ஆய்வுகூடத்துத் தலைவராயிருந்த லூசியஸ் நிக்கொல்ஸ், தவளைத்தோல் போன்று சொரசொரக்கும் பிள்ளைகளின் தோலும் புண்பட்ட வாயும் உயிர்ச்சத்துக் குறைவின் அடையாளங்கள் எனக் காட்டி, 1938இல் வெப்பவலய நாடுகளின் போசணை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நாளிற் பிள்ளைகளை அளந்தவர் கண்ட காட்சி ஒன்றே: போதாமை.

கேகாலைப் பகுதி அதனை மிகக் கொடிய வடிவிற் கண்டது 1934–35ஆம் ஆண்டுகளில். அவ்வாண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் நாட்டில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களின் கிராமங்கள் பெரிதும் பாழாயின. நிவாரணத்துக்கு வந்தோர் கொயினா மட்டும் போதாது, உணவும் வேண்டும் எனக் கண்டனர். அவர்களுள் ஒருவரான கலாநிதி என். எம். பெரேரா பருப்பு வழங்கியமையாற் 'பருப்பு மாத்தயா' எனப் பெயர் பெற்றார். 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் ருவன்வெல்ல மக்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினர். ஒரு பிடி பருப்பு ஓர் அரசியல் வரலாற்றைத் தொடக்கிவைத்தது எனின் மிகையாகாது.

சுதந்திரத்துக்குப் பின் நிகழ்ந்தவற்றுள் ஒன்று, வெளித்தோற்றத்திற் பிள்ளை அளவையோடு தொடர்பற்றதாயினும், உண்மையில் மிகுந்த தொடர்புடையது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாற் தோட்டத் தமிழருட் பெரும்பாலார் நாடற்றவராயினர். பத்திரமும் பதிவும் அவர்க்கு நெடுங்காலம் இடர்ப்பாடுடையனவாயின. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள் லயன்களிற் பலர் வளர்ந்தனர். வயது அறியாத பிள்ளைக்கு நிறையும் உயரமும் அறிந்து பயன் சிறிதே. பிள்ளையளவை முழுவதும் வயதை அச்சாகக் கொண்டு சுழல்வது. இன்று வழங்கும் உலக அளவையின்படி ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அதிக நிறையின் எல்லை ஏறத்தாழ 17.9, பத்து வயதுச் சிறுவனுக்கு 18.5, பதினொரு வயதினனுக்கு 19.2. பாடசாலையிற் சேர்ப்பதற்காக ஓராண்டு கூட்டியோ குறைத்தோ எழுதிய வயது, பிள்ளையை ஒரு வகுப்பினின்றும் மற்றொரு வகுப்புக்கு மாற்றிவிடும். சட்டம் பிள்ளையின் நாட்டை மட்டும் ஐயத்துக்குரியதாக்கவில்லை. அவன் வயதையும் ஐயத்துக்குரியதாக்கிற்று.

1973–74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் பஞ்சத்துக்கு உள்ளாக்கிற்று. தோட்டத்து இறப்பு வீதம் திடுமென உயர்ந்தது. சோளமும் சோயாவும் கலந்த திரிபோஷா மா 1973இல் வழங்கத் தொடங்கப்பட்டது. 1975–76ஆம் ஆண்டுகளில் நாடளாவிய போசணை ஆய்வு ஒன்று நிகழ்ந்தது. அதற்குமுன் பெரும்பாலும் வழங்கியது மெக்சிக்கோ மருத்துவரான கோமெஸ் 1956இல் வகுத்த முறை. அது வயதுக்கேற்ற நிறையை மட்டும் நோக்கும். 1970களின் தொடக்கத்தில் வாற்றலோ என்பவர் அதனை இரண்டாகப் பிரித்தார். வயதுக்கேற்ற உயரமின்மை நெடுநாட் பசியின் அடையாளம். உயரத்துக்கேற்ற நிறையின்மை அண்மைப் பசியின் அடையாளம் என்றார். இலங்கை ஆய்வு இப்புதுமுறையைக் கையாண்டது. உயரங்குன்றிய பிள்ளைகள் தோட்டங்களிலேயே மிகுதி என்பது அப்போது எண்களால் வெளிப்பட்டது. அந்நிலை பின்னும் நீடித்தது. 2006–07ஆம் ஆண்டுக் குடித்தொகைச் சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேரும், 2016ஆம் ஆண்டு ஆய்வில் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேரும் உயரங்குன்றியோராயிருந்தனர். நாடு முழுமைக்கும் அவ்வெண் 17 அளவிலேயே நின்றது. அதே 2016ஆம் ஆண்டில் நாட்டிலே ஐந்து வயதுக்குட்பட்டோருள் அதிக நிறையுடையோர் நூற்றுக்கு இருவரே.

இவ்விடத்தில், இருவர்தாமே, இதற்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என வினவுவார் உளர். வினா நியாயமானதே. ஆனால் ஐந்து வயதின்பின் நிலை மாறுகின்றது. நகரப் பாடசாலைகளில் மாறி முடிந்துவிட்டது. உலகத்தில் 5 முதல் 19 வயதுவரை உள்ளோருட் கொழுத்த பருமனுடையோர் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 16 கோடியர் என மதிப்பிடப்பட்டனர். பாடசாலைப் பருவத்தாரிடையே பருமனுடையோர் தொகை நிறை குறைந்தோர் தொகையை உலக அளவில் விஞ்சிவிட்டது என ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியம் 2025இல் அறிவித்தது. தோட்டத்து லயன்களும் இதற்குப் புறம்பானவை அல்ல. திருகோணமலையில் 1980இல் மாவாலை திறந்தபின் கோதுமை மா எங்கும் மலிந்தது. காலையில் ரொட்டியும் இரவிலும் ரொட்டியும் தோட்ட வழக்கமாயின. சீனி மிகுந்த சாயத் தண்ணீர் கைக்குழந்தைக்கும் ஊட்டப்படுகின்றது. கித்துள் மரத்தின் பெயர்கொண்ட ஊரிலே, பாணியும் கருப்பட்டியும் பயணிகளுக்கு விற்கப்பட, வீதியோரக் கடைகளிற் பிள்ளைகள் வாங்குவன போத்தலில் அடைத்த இனிப்புநீரும் பொதியில் அடைத்த பொரியலுமே. போத்தற் பானங்களிற் சீனியின் அளவை நிறத்தாற் காட்டும் விதியை அரசாங்கம் 2016இலும், சீனிக்கேற்ற வரியை 2017இலும் கொண்டுவந்தமை இதன் பொருட்டே.

இனி, இன்று வழங்கும் அளவைகளின் பிறப்பை நோக்குவோம். கெற்றலேயின் சுட்டிக்கு இன்றைய பெயரைச் சூட்டியவர் அமெரிக்க உடலியலாளரான அன்செல் கீஸ், ஆண்டு 1972. அவர் ஆராய்ந்தது ஐந்து நாட்டு ஆடவர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரை. அவருட் பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை. பிள்ளைகளுக்கு வெப்பவலய நாடுகளெங்கும் வழங்கியது பொஸ்ரன் நகரத்துப் பிள்ளைகளைக் கொண்டமைத்த ஹாவாட் அளவை. அதன்பின் 1977இல் அமெரிக்கச் சுகாதாரப் புள்ளிவிபர நிலையத்தார் வகுத்த அளவை. பின்னதில் மூன்று வயதுக்குட்பட்டோர் பகுதி ஒகாயோ மாநிலத்தில் பெரும்பாலும் போத்தற்பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளைக் கொண்டமைந்தது. தாய்ப்பால் உண்ட பிள்ளை அவ்வரைபிலே சில மாதங்களின்பின் கீழிறங்குவதாகத் தோன்ற, பால் போதாது எனத் தாய்மார் அஞ்சினர். பிழை தாயிடத்தன்று, கோலிடத்தேயாம்.

2000ஆம் ஆண்டில் ரிம் கோல் முதலியோர் பிரேசில், பிரித்தானியா, ஹொங்கொங், நெதர்லாந்து, சிங்கப்பூர், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுப் பிள்ளைகளின் கணக்கைச் சேர்த்து, பதினெட்டு வயதில் 25, 30 என்னும் முதியோர் எல்லைகளைச் சென்றடையும் கோடுகளைப் பின்னோக்கி வரைந்தனர். உலகச் சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய நாடுகளில், தாய்ப்பால் பெற்று நல்வாழ்வுச் சூழலில் வளர்ந்த ஏறத்தாழ 8,500 பிள்ளைகளை அளந்து, 2006இல் ஐந்து வயதுவரைக்கும் புதிய நியமத்தை வெளியிட்டது. பிள்ளைகள் எவ்வாறு வளர்கின்றனர் என்பதை விடுத்து எவ்வாறு வளர வேண்டும் என்பதைக் கூறிய முதல் அளவை இதுவே. நற்சூழல் வாய்ப்பின் தில்லிப் பிள்ளையும் ஒஸ்லோப் பிள்ளையும் சிறுபருவத்தில் ஏறக்குறைய ஒரே உயரம் வளர்வர் என்னும் உண்மையும் இதனால் வெளிப்பட்டது. தோட்டத்துப் பிள்ளை குட்டையாயிருப்பது சாதிவழி வந்த இயல்பு எனக் கூறித் திருப்தியடைந்தோர்க்கு இஃது உரிய விடையாகும். 2007இல் 5 முதல் 19 வயதுக்குரிய வரைபுகள் வந்தன. அவற்றில் இடையத்துக்கு மேல் ஒரு நியம விலகல் கடந்தால் அதிக நிறை. இரண்டு கடந்தாற் பருமன். ஐந்து வயதுக்குட்பட்டோர்க்கோ எல்லைகள் இரண்டும் மூன்றுமாகும். ஐந்தாம் பிறந்தநாளுக்கு முன்னாளிற் குற்றமற்றவனாயிருந்த பிள்ளை மறுநாள் 'அதிக நிறை' உடையவனாதல் இவ்விதியால் நேரக்கூடும்!

ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். பத்து வயது நிரம்பிய மூன்று சிறுவரைக் கற்பனை செய்வோம். முதல்வன் 137.8 சென்ரிமீற்றர் உயரமும் 30 கிலோகிராம் நிறையும் உடையவன். இவ்வுயரமே அவ்வயதின் உலக இடையம். அவன் சுட்டி 15.8, குறையொன்றுமில்லை. இரண்டாமவனும் 30 கிலோகிராம் நிறையினன். உயரமோ 123 சென்ரிமீற்றர். 1.23ஐ வர்க்கித்தால் 1.5129, அதனால் 30ஐ வகுத்தால் 19.8. எல்லை 18.5 ஆதலின் இவன் அதிக நிறையுடையோன். மூன்றாமவன் 123 சென்ரிமீற்றர் உயரமும் 22 கிலோகிராம் நிறையும் உடையவன், சுட்டி 14.5, நலமான வரம்புக்குள் அடங்கும். பழைய முறைப்படி வயதுக்கேற்ற நிறையை மட்டும் நோக்கும் உத்தியோகத்தர் யாது கூறுவார்? முதலிருவரையும் நலமுடையர் என்பார். மூன்றாமவனை நிறை குறைந்தோன் என்று மாப்பொதி கொடுப்பார். சுட்டியை மட்டும் நோக்குபவர் மூன்றாமவனுக்குக் குறையில்லை என்று விடுத்து, இரண்டாமவனை உண்பதைக் குறை என்பார். இருவரும் கவனியாது விட்டது ஒன்றுண்டு: பின்னவர் இருவரும் உயரங்குன்றியவர், முதலிரண்டு ஆண்டுகளிலேயே வளர்ச்சி தடைப்பட்டவராதல் கூடும். அப்பருவத்தில் இழந்த உயரம் பின்னர் எளிதில் மீள்வதன்று. பிந்தி வழங்கும் மாவும் சீனியும் நெடுமைக்குச் செல்லாது அகலத்துக்கே செல்லும். மூன்றாமவன் இரண்டாமவனாக மாறும் வழி இதுவே. பசியைத் தீர்க்க வந்த மருந்து வேறொரு நோய்க்கு வாயிலாகலாம் என்பதைத் தோட்ட வைத்தியசாலையின் தராசு தனியே நின்று அறிவிக்கமாட்டாது. தராசின் பக்கத்திற் சுவரில் உயரக்கோலும் வேண்டும்.

சுட்டியின் எல்லை பற்றிய வழக்கு இத்தோடு முடியவில்லை. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக், அவ்வூர்ப்புறக் கிராமங்களிற் சராசரி 2.7 கிலோகிராம் நிறையோடு பிறந்த குழந்தைகளை, 3.5 கிலோகிராம் நிறையோடு பிறந்த ஆங்கிலக் குழந்தைகளோடு ஒப்பிட்டார். இந்தியக் குழந்தையிடம் தசை வெகுவாகக் குறைந்திருந்தது. தோலடிக் கொழுப்போ அத்துணைக் குறையவில்லை. மெலிந்து கொழுத்த குழந்தை என அதனை வருணித்தார். 2004இல் அவரும் ஆங்கில மருத்துவர் யட்கினும் தங்கள் நிழற்படத்தை அருகருகே வெளியிட்டனர். இருவர் சுட்டியும் 22.3. யட்கினின் உடலிற் கொழுப்பு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்கின் உடலில் 21.2. ஒரு பக்க அளவினதாகிய அச்சிறு கட்டுரை நூறு பக்க ஆராய்ச்சிக்கு நிகர். இலங்கைப் பிள்ளைகளிடத்தும் இதனையொத்த முடிபையே கொழும்புப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் புஜித விக்கிரமசிங்க முதலியோர் கண்டனர். அவுஸ்திரேலியாவில் வாழும் வெள்ளையர் பிள்ளைகளையும் இலங்கையர் பிள்ளைகளையும் பாரநீர் பருகச் செய்து உடலின் நீரளவைக் கணித்து, அதிலிருந்து கொழுப்பின் அளவை உய்த்துணர்ந்து, 2005இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, சுட்டி ஒன்றாயிருப்பினும் இலங்கைப் பிள்ளைகளிடத்துக் கொழுப்பு மிகுதி. உலக எல்லையைக் கொண்டு நோக்கின் இப்பிள்ளைகளுட் பலர் பருமனற்றவராகத் தப்பிவிடுவர். இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015இல் வெளியிட்ட வரைபுகள் 25, 30 என்பவற்றை விடுத்து, முதியோர்க்குரிய 23, 27 என்னும் தாழ்ந்த எல்லைகளைப் பின்னோக்கி வரைந்தமைக்கு இதுவே காரணம்.

கட்டிளம் பருவத்தில் இடர்ப்பாடு பின்னும் பெருகும். பூப்பெய்துங் காலத்திற் பெண்பிள்ளையின் உடலிற் கொழுப்பு மிகுதல் இயற்கை. ஆண்பிள்ளைக்குத் தசை மிகுதல் இயற்கை. பூப்பு முந்திய பன்னிரண்டு வயதினளும் பிந்திய பன்னிரண்டு வயதினளும் ஒரே வரைபில் ஒரே கோட்டால் அளக்கப்படுகின்றனர். இங்கிலாந்திற் பிள்ளை வளர்ச்சியை நெடுங்காலம் ஆராய்ந்து 1966இற் பிரித்தானிய வரைபுகளை வெளியிட்ட தானர், பூப்பின் முதிர்ச்சியையும் சேர்த்து நோக்காத அளவை பொருளற்றது என வற்புறுத்தினார். தோன்மடிப்பைப் பற்றியளக்கும் இடுக்கியும் அவர் காலத்துக் கருவியே. ஆயின் பாடசாலை வைத்தியப் பரிசோதனை நாளில், ஒரே தராசோடு இருநூறு பிள்ளைகளை நண்பகலுக்குள் அளந்து முடிக்கவேண்டிய சுகாதாரப் பரிசோதகரிடம் இடுக்கியையும் பாரநீரையும் எதிர்பார்த்தல் பேதைமை. சப்பாத்தைக் கழற்றினானா, தராசு பூச்சியத்தில் நின்றதா, கோல் செங்குத்தாயிருந்ததா என்பனவே அன்று பெரிய வினாக்கள். உயரத்தில் இரண்டு சென்ரிமீற்றர் பிழைத்தாற் சுட்டியில் ஏறத்தாழ அரைப்புள்ளி பிழைக்கும். நிறையை வகுப்பறையில் உரக்கக் கூறுதலும் ஒழியவேண்டிய வழக்கம். 'குண்டன்' என்னும் பெயர் அன்று ஒட்டினால் ஆண்டுகள் பலவாகியும் உரியாது.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'லான்செற்' குழுமத்து மருத்துவ அறிஞர் குழு ஒன்று, சுட்டியை மட்டுங்கொண்டு ஒருவரைப் பருமன் நோயினர் எனத் தீர்மானித்தல் ஆகாது, இடைச்சுற்று முதலிய வேறோர் அளவையும் வேண்டும் என முடிபு கூறிற்று. இடைச்சுற்று உயரத்திற் பாதியை மிஞ்சாதிருத்தல் வேண்டும் என்னும் விதியை ஆங்கில ஆய்வாளர் மார்கரெற் அஷ்வெல் முதலியோர் பல ஆண்டுகளாக வற்புறுத்தி வந்தனர். பிரித்தானியச் சுகாதார வழிகாட்டியும் 2022இல் அதனை ஏற்றது. இதற்குத் தராசு வேண்டா, வரைபு வேண்டா, பிறப்புச் சான்றிதழும் வேண்டா. பிள்ளையின் உயரத்துக்கு ஒரு நூலை அறுத்து, இரண்டாக மடித்து, அவன் இடையைச் சுற்றிப் பார்த்தால் அமையும். நூலின் முனைகள் ஒன்றையொன்று தொட்டால் நன்று. தொடாவிடில் அப்பிள்ளையை வைத்தியரிடம் அனுப்பவேண்டும். அறுத்த அந்நூலை வீசிவிடாது, பிள்ளையின் பெயரும் திகதியும் எழுதிச் சுவரிலே கட்டித் தொங்கவிட்டால், அடுத்த ஆண்டு அறுக்கும் நூல் எத்தனை விரல் நீண்டது என்பதும் தெரியவரும். மொன்பெயார் தம் மகனுக்குச் செய்தது இதுவே.